அண்ணி நடத்திய ‘செட்’ வகுப்பு

என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு சண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த புதிது. நான் வேலைக்குப் போய் வந்த பசியில் தட்டுகளை மேசைமேல் டங் டங்கென்று வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி பக்கத்தில் வந்து நின்று, "இப்ப நீ பண்றியே, இதுக்கு இங்கிலீஷ்ல செட் தி டேபிள்னு பேரு" என்றார். "பேரு எதுவா வேணா இருக்கட்டும் அண்ணி. பேரைச் சொன்னா வயிறு ரொம்பாது. அந்தச் சோத்துப் பாத்திரத்தைத் தூக்கிட்டு வாங்க" என்றேன். புதுப் பெண்ணிடம் ஒரு நாத்தனார் இப்படியா பேசுவது என்று அம்மா பதறிப்போனாள். அண்ணியோ வாயைக் கையால் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில், அவருக்குப் பாடம் நாக்கு நுனியில். இன்றுவரை எங்கள் வீடு இப்படித்தான் ஓடுகிறது.

அண்ணி கல்லூரிப் பக்கமெல்லாம் போனவர் இல்லை. ஒரு பெரிய ஓட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். மாடிப்படிக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. காதில் மாட்டிய கருவி, எதிரே வரிசை வரிசையாகப் பொத்தான்கள், ஓயாமல் கூப்பிடும் விருந்தாளிகள். அவர்கள் பேசியதைக் கேட்டுக் கேட்டே ஆங்கிலம் கற்றுக்கொண்டார். அலாரம் செட் பண்ணு என்பார்கள், மீட்டிங் செட் பண்ணு என்பார்கள், விடிந்ததும் செட் அவுட் ஆகணும், கார் வேண்டும் என்பார்கள். "ஒரே சொல்லை வச்சுக்கிட்டு இவங்க குடும்பமே நடத்துறாங்களேன்னு எனக்கு அன்னிக்கே ஆச்சரியம்" என்பார் அண்ணி. பிறகு ஓட்டலில் எல்லாம் தானாக இயங்கும் கருவி வந்தது, அண்ணியின் நாற்காலி போனது. வேறொருவராக இருந்தால் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியிருப்பார். அண்ணி ஒரு சலவைக் கடையின் மாடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு வைத்திருந்தவரிடம் நேராகப் போய், "எனக்குப் பேசத் தெரியும், பேச வைக்கவும் தெரியும்" என்று சொல்லி வேலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த வகுப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கீழே துணி தேய்க்கும் ஆவி மேலே ஏறி வந்து கரும்பலகை எப்போதும் ஈரமாகவே இருக்கும். சுண்ணாம்புக்கட்டி அதில் எழுதவே எழுதாது. வருகிறவர்கள் பகல் முழுக்க உழைத்துவிட்டு வரும் பெரியவர்கள். பஸ் ஓட்டுகிறவர், கட்டட மேஸ்திரி, அழகு நிலையத்தில் முடி திருத்தும் பெண் என்று ஒரு கூட்டம். இலக்கணம் என்று வாயெடுத்தால் கொட்டாவி விடுவார்கள். அதனால் அண்ணி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் அதையே உருட்டுவார். அவருடைய செல்லப்பிள்ளை செட்.

ஒரு நாள் அண்ணியைக் கூட்டிவரப் போயிருந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது மேஸ்திரி முறுக்கிக்கொண்டார். "என்ன டீச்சர் இது? வைக்கிறதும் செட்டு, கிளம்புறதும் செட்டு, சூரியன் மறையறதும் செட்டு. ஒரு சொல்லுன்னா ஒரு அர்த்தம் வேணாமா? இவங்களுக்கு சொல்லுக்கு அப்படி என்ன பஞ்சம்?"

"மேஸ்திரி, காலையில எழுந்து என்னென்ன பண்ணீங்க, சொல்லுங்க" என்றார் அண்ணி.

"டீ போட்டேன். சட்டை போட்டேன். பூட்டுப் போட்டுட்டுக் கிளம்பினேன்."

"வேலைக்குப் போய்?"

"சத்தம் போட்டேன். கலவை சரியில்ல. கலவை போட்டவன் எங்கிட்ட சண்டை போட்டான். நானும் பதிலுக்கு ரெண்டு போட்டேன்."

வகுப்பே சிரிப்பில் குலுங்கியது. மேஸ்திரிக்கே அப்போதுதான் உறைத்தது. "பாத்தீங்களா? நம்ம ‘போடு’ இத்தனை வேலை செய்யுது. அதுகிட்ட ஏன்னு என்னிக்காவது கேட்டீங்களா? அவங்க பாஷையில அந்த மாதிரி மாடா உழைக்கிற சொல்லு செட். பாவம், அதைத் திட்டாதீங்க" என்றார் அண்ணி. பிறகு ஒன்று சொன்னார், அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "எதையாவது ஒரு இடத்துல வச்சா, வச்ச மாதிரி நிக்கணும். அதான் செட்டோட அடி வேரு. மேசையில தட்டு நிக்குது, அலாரத்துல நேரம் நிக்குது. கிளம்பறதுன்னா என்ன? வாசலுக்கு வெளியில ஒரு காலை வைக்கறதுதானே?"

வீட்டுப்பாடம் எழுதுவதில்லை. ஆளுக்கு ஒரு செட்டை அவரவர் வேலையிலிருந்து கொண்டுவர வேண்டும். மேஸ்திரி சிமென்ட் இறுகுவதைக் கொண்டுவந்தார். முடி திருத்தும் பெண் கூந்தலை வளைத்து நிற்க வைப்பதைக் கொண்டுவந்தாள். பஸ்காரர் எங்கிருந்தோ விசாரித்து, நிறுத்தத்தில் பயணிகளை இறக்கிவிடுவதற்கு செட் டவுன் என்று பேர் என்று சொல்லி எல்லோரையும் அசத்தினார். அண்ணி பின்வரிசையைப் பார்த்து, "அங்க ஒருத்தி சும்மா உக்காந்திருக்கா பாருங்க, அவகிட்டயும் ஒன்னு இருக்கு" என்று என்னை மாட்டிவிட்டார். எனக்குப் பல் கட்டும் லேபில் வேலை. டாக்டர் அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, பிறகு அதைக் கெட்டியாக்கிப் பல்செட்டாகக் கொடுப்போம். முறைத்துக்கொண்டே எழுந்து, "மெழுகுல பல்லை செட் பண்ணுவேன்" என்றேன். கைதட்டினார்கள். வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இத்தனை பேர் முன்னால் வாய் ஓயாமல் பேசும் அண்ணி, சிரித்தால் மட்டும் கையை வாய்க்குக் கொண்டுபோய்விடுவார். மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி. சின்ன வயதில் பள்ளியில், திறந்து கிடக்கும் இரும்புக் கேட் மாதிரி இருக்கிறதென்று "கேட்டு" என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். கல்யாணத்தன்று போட்டோக்காரர் வேறு, "பொண்ணு கொஞ்சம் வாயை மூடிக்கம்மா" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். அன்று மூடிய வாய், எந்தப் போட்டோவிலும் திறக்கவில்லை. எல்லாப் படத்திலும் யார்மேலோ கோபமாக இருப்பதுபோல் இருப்பார். "கல்யாணத்தன்னிக்கே எச்சரிக்கை குடுத்திருக்கா, நான்தான் கவனிக்கல" என்பான் அண்ணன். முகம் தெரியாத டெலிபோன் வேலை அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனதற்கு இதுவும் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

போன வருடம் அண்ணிக்கு ஈறு கெட்டு மேல்வரிசை முழுக்க ஆடத் தொடங்கியது. பல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல்செட் போட்டுக்கொள்வதுதான் வழி என்றார். நான் வருத்தப்பட்டேன். அண்ணி வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை. லேபுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த கேட்டை மட்டும் சாத்திடு. ஒரு தடவையாவது வாய்விட்டு சிரிச்சுப் பாக்கணும்" என்றார். அண்ணி என்றால் எனக்கு உயிர். அதை நேரில் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தப் பல்செட்டில் காட்டினேன். இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றை நான் கட்டியதில்லை. மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவர், கையைத் தூக்காமல் சிரித்தார். அண்ணன் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு, "யாரும்மா நீங்க? என் பொண்டாட்டி எங்க?" என்று கேட்டான். அன்று வீடே சிரித்தது.

மறுநாள் வகுப்புக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார்.

நடந்தது இதுதான். புது வாயில் எல்லாச் சத்தமும் வந்தது, ‘ஸ’ மட்டும் வரவில்லை. செட் என்று சொல்ல நினைத்தால் ஷெட் என்று விழுந்தது. பழைய ஆட்கள் கண்டும் காணாததுபோல் இருந்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவன், "சன் ஷெட்ஸா? சூரியனை ஷெட்ல விட்டாச்சா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறான். அண்ணிக்கு முகத்தில் ஈயாடவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

டாக்டரம்மா, "நாக்கு புது வீட்டுக்குக் குடி போயிருக்கு, பழகிடும்" என்றார். நான் பல்லுக்குப் பின்பக்கம் தேய்த்துக் கொடுத்தேன், மெலிதாக்கிக் கொடுத்தேன். அண்ணி சமையலறையில் நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே செட், செட் என்று சொல்லிப் பழகினார். ஷெட், ஷெட் என்றுதான் எனக்குக் கேட்டது. வாரங்கள் போயின. நாக்கு குடியேற மறுத்துவிட்டது. வகுப்பு நடத்துகிறவர் நல்ல மனிதர்தான், ஆனால் வகுப்பைக் காலியாகப் போட்டு வைக்க முடியாதே. "பாடத்தை வீடியோவா டிவில போட்டுக்கலாம். மாசக் கடைசில இருந்து நீங்க பக்கத்துல சும்மா உக்காந்திருந்தா போதும்" என்று சொல்லி அனுப்பினார். அண்ணியைச் சும்மா உட்காரச் சொல்வதும் ஒன்றுதான், மீனைத் தரையில் நடக்கச் சொல்வதும் ஒன்றுதான்.

"நான் நின்னுடறேன். பல்லு போனா சொல்லு போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் அண்ணி, காய் நறுக்கிக்கொண்டே.

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ! "பழமொழி சொன்னவனுக்கு நான் பல்லு கட்டலை அண்ணி, உங்களுக்குத்தான் கட்டினேன்! இன்னொரு தடவை அதைச் சொன்னீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்!" என்று கத்தினேன். கத்தி என்ன பயன்? பல்லில் தவறு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அண்ணி நறுக்கிய காயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். என்னோடு ஒரு சண்டையைப் பாதியில் விட்டு அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்காரர் வீட்டுக்கு வந்தார். கையில் பழப்பை. அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் அண்ணனும்தான் முன்னறையில். மனிதர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, டீச்சர் எப்போது வருவார் என்று கேட்டார். தான் புதிதாக ஒரு செட் கண்டுபிடித்திருப்பதாகவும், அதை டீச்சரிடம்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருப்பதாகவும் சொன்னார். "மழை பிடிச்சுக்கிட்டு விடாம பெய்யுதுல்ல, அதுக்கு செட் இன். தி ரெயின் ஹேஸ் செட் இன்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். அவருடைய ‘செட்’டின் தலையில் ஒரு சின்ன விசில் இருந்தது. கேட்டும் கேட்காத மாதிரி, காற்று சந்தில் நுழைகிற சத்தம். அவருக்கோ பல்வரிசை இடைவெளியே இல்லாமல் நெருக்கமாக இருந்தது. நாக்கை எங்கோ மடித்து அந்தச் சத்தத்தை வேண்டுமென்றே வரவழைக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. என் தொழில் அது.

"அந்த விசில் எதுக்கு?" என்று கேட்டேன்.

"எந்த விசில்? இங்கிலீஷ்ல ‘ஸ’ அப்படித்தானே வரும்? டீச்சர் அப்படித்தான சொல்வாங்க. முதல்ல வரவே இல்லைங்க. டிப்போவுல தனியா நின்னு சொல்லிப் பழகினேன். மேஸ்திரிக்கு என்னைவிட நல்லா வரும்" என்றார் பெருமையாக.

அண்ணன் வாயில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டான். உள்ளே கதவு படாரென்று திறந்தது. அண்ணி இருந்த நிலையில் பல்செட்டைப் பற்றிய நினைப்பே இல்லை. "ஐயையோ! அது என் பல்லுச் சந்துல வர்ற காத்துய்யா! அதையா எல்லாரும் கத்துக்கிட்டீங்க? மானமே போச்சு! எத்தனை பேரு அப்படிப் பேசிக்கிட்டுத் திரியறீங்க?"

"எல்லாருமேதான் டீச்சர்" என்றார் பஸ்காரர். பிறகு கொஞ்சம் தயங்கி, "அது இல்லாம சொன்னா எங்களுக்கு இங்கிலீஷ் மாதிரியே இல்ல" என்றார்.

அவர் போன பிறகு அண்ணி வெகுநேரம் கண்ணாடி முன்னால் நின்றார். நான் பின்னால் போய் நின்றேன். இத்தனை காலம் அவர் மறைத்த இடைவெளியில்தான் அவருடைய ‘ஸ’ குடியிருந்திருக்கிறது. சாத்து என்றார், நான் சாத்தினேன். அதோடு சேர்ந்து குரலும் மாட்டிக்கொண்டது.

"இந்தச் சிரிப்பு எனக்குப் பிடிச்சிருக்குடி" என்றார். கண் கலங்கியிருந்தது.

"பிடிச்சிருக்கட்டுமே, அதை யாரு பிடுங்கறா? நாலு இடத்துக்குப் போறப்ப இதைப் போட்டுக்கோங்க. வகுப்புக்கு வேற ஒன்னு கட்டித் தரேன். சேலை மட்டும் மாத்தி மாத்திக் கட்டறதில்லையா?"

"ஏய் கழுதை, அவளோட ஒரு வாய்க்கே என்னால பதில் சொல்ல முடியல, ரெண்டு வாயா?" என்றான் அண்ணன். அண்ணி கையை ஓங்கினார். எனக்கு உயிர் வந்தது.

கட்டித் தருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. எவ்வளவு இடைவெளி விடுவது? பிடுங்கிய பற்கள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன. போட்டோக்களில் வாய் மூடியிருக்கிறது. அண்ணியைக் கேட்டால், "என் குரல் என் காதுக்கு எப்பவும் சரியாத்தான் கேக்கும், எனக்கென்ன தெரியும்?" என்கிறார். வீட்டில் இத்தனை வருடம் அவர் பேச்சைக் கேட்ட எனக்காவது தெரியுமா என்றால், நான் பதில் சொல்லக் கேட்டேனே தவிர சத்தத்தைக் கேட்கவில்லை. அண்ணனைக் கேட்கவே வேண்டாம், பேப்பரோடு பிறந்தவன். அந்தச் சத்தம் சரியாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் அந்த வகுப்புக்காரர்கள் மட்டும்தான்.

டாக்டரம்மா மதிய இடைவேளையில் கிளினிக்கை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். பஸ்காரர், மேஸ்திரி, முடி திருத்தும் பெண் மூவரும் வேலையிலிருந்து அனுமதி கேட்டு வந்திருந்தார்கள். மெழுகில் நிறுத்திய பற்களோடு தன்னை யாரும் பார்க்கக்கூடாது என்று அண்ணி கறாராகச் சொல்லிவிட்டதால், அவர்கள் வெளியே காத்திருக்கும் அறையில். நடுவே கதவு. உள்ளே நாற்காலியில் அண்ணி, கையில் சுடவைத்த சின்னக் கத்தியோடு நான். மெழுகில் இருக்கும்வரைதான் பல்லை நகர்த்த முடியும். கெட்டியாக்கிவிட்டால் பிறகு அழுதாலும் நகராது.

"செட் தி டேபிள்" என்றார் அண்ணி.

"இல்ல டீச்சர்" என்று வெளியே மூன்று குரல்.

மெழுகை இளக்கிப் பல்லைத் தள்ளினேன். "தி சிமென்ட் ஹேஸ் செட்."

"டீச்சர், குக்கர் விசில் மாதிரி வருது!" என்று கத்தினார் மேஸ்திரி. அண்ணிக்குச் சிரிப்பு வந்து, மெழுகுத் தகடு மடியில் விழுந்தது. அதைத் துடைத்து மறுபடி மாட்டினேன். கொஞ்சம் நெருக்கினேன். இல்லை. கொஞ்சம் விலக்கினேன். இல்லை. "கிட்ட வந்துட்டீங்க, ஆனா ஏதோ ஒன்னு இன்னும் பாக்கி இருக்கு" என்றாள் முடி திருத்தும் பெண். "என்னன்னு சொன்னாத்தானே தெரியும்!" என்று நான் கதவைப் பார்த்து எரிந்து விழுந்தேன். இடைவேளை முடிகிற நேரம். அண்ணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இருந்த பயத்தை நான் அவரிடம் முன்பு பார்த்ததே இல்லை. இதுவும் சரிப்படாவிட்டால் சும்மா உட்காரப் போகிற நாற்காலியை அவர் இப்போதே பார்க்கிறார் என்று தோன்றியது.

கடைசியாக ஒரு பல்லை நகர்த்தாமல், இருந்த இடத்திலேயே துளி திருப்பி வைத்தேன். மாட்டிவிட்டேன்.

"ஐ செட் அவுட் அட் டான், விடிஞ்சதும் கிளம்பினேன்" என்றார் அண்ணி.

வெளியே சத்தமில்லை.

அண்ணி கதவைப் பார்த்துக்கொண்டே, "தி சன் செட்ஸ் இன் தி வெஸ்ட்" என்றார். பதில் இல்லை. பதற்றத்தில் அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். காசை ஒதுக்கி வைப்பது, கூண்டுப் பறவையை விடுவது, உடைந்த எலும்பைச் சேர்த்து வைப்பது, விலை வைப்பது என்று ஒன்றன்பின் ஒன்றாக. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லி, தமிழில் விளக்கி, பழக்கதோஷத்தில் உதாரணமும் சொன்னார். வெளியே மட்டும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. போய்விட்டார்களா? மனது நோகக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களா? என்னால் பொறுக்க முடியவில்லை. கத்தியோடு போய்க் கதவைத் திறந்தேன்.

மூன்று பேரும் இருந்தார்கள். முடி திருத்தும் பெண் கன்னத்தில் கைவைத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரியின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. பஸ்காரர் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கதவுப் பக்கம் காதைக் கொடுத்திருந்தார்.

"என்னங்க, சரியா இருக்கா, இல்லையா? வாயைத் திறந்து சொல்லித் தொலைங்களேன்!" என்றேன்.

பஸ்காரர் கண்ணைத் திறக்காமலே விரலை உதட்டில் வைத்தார். "உஸ்... பேசாதீங்கம்மா. டீச்சர் பாடம் நடத்துறாங்க."